மாடியா, கொல்லையா? வீட்டு அக்குவாபோனிக்ஸில் எந்த அமைப்பு, எந்த மீன், எந்தத் தண்ணீர்

மீன்தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டு, அதிலுள்ள சத்தில் மண் இல்லாமல் செடி வளர்ப்பதுதான் அக்குவாபோனிக்ஸ். இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'எந்த முறையில் கீரை அதிகம் கிடைக்கும்?' என்பதைத்தான். எந்த முறை என்றாலும் இதற்குப் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். மீனுக்குப் போடும் தீவனத்தில் இருந்துதான் செடிக்குச் சத்து போகிறது. தீவனத்துக்கு ஏற்ற விளைச்சல்தான் வரும். படுகை ஜல்லியா, தெர்மோகோலா, குழாயா என்பதை வேறு மூன்று விஷயங்களை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்: வைக்கப்போகும் தளம் எவ்வளவு எடை தாங்கும், அங்கே வெயில் எப்படி, கரண்ட் போனால் எவ்வளவு நேரம் போகும். சென்னை, திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் இந்த மூன்றுமே தொல்லை தரக்கூடியவை.

வீட்டளவில் மூன்று முறைகள்தான் புழக்கத்தில் உள்ளன. ஜல்லிப் படுகையில் ஓர் அடி ஆழத் தொட்டியில் ஜல்லி நிரப்பி, மீன்தொட்டித் தண்ணீரை ஏற்றி வடியவிடுகிறோம். மிதவைப் படுகையில் தண்ணீர் மேல் தெர்மோகோல் பலகை மிதக்கும். செடியின் வேர் நேரே தண்ணீரில் தொங்கும். மூன்றாவது பிவிசி குழாய் முறை. சாய்வாகக் கட்டிய குழாய்க்குள் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓட, மேலே போட்ட துளைகளில் செடி நிற்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு, தரையில் இடம் இருந்தால் ஜல்லிப் படுகைதான். காரணம் விளைச்சல் அல்ல. அந்த ஒரே தொட்டி மூன்று வேலை செய்கிறது: மீன் கழிவைப் பிடித்து வைக்கிறது, அதைச் செடிக்கான சத்தாக மாற்றும் பாக்டீரியாவுக்கு வீடாகிறது, செடியைத் தாங்குகிறது. மற்ற இரண்டு முறைகளிலும் கழிவைப் பிரிக்க ஒரு வடிகட்டி, பாக்டீரியாவுக்குத் தனியாக ஒரு வடிகட்டி என்று இரண்டு தொட்டிகள் கூடுதலாக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால் சில வாரங்களிலேயே வேர்மேல் பழுப்புச் சேறு படிந்து செடி மூச்சுத் திணறும்.

ஆனால் மொட்டை மாடி என்றால் கணக்கு மாறுகிறது.

எடைதான் முதல் கணக்கு

ஒரு சதுர மீட்டர் படுகையில் 30 செ.மீ. உயரத்துக்குக் கருங்கல் ஜல்லி போட்டால் ஜல்லி மட்டும் சுமார் 450 முதல் 480 கிலோ. தண்ணீர் ஏறும்போது இன்னும் 100 கிலோ. தொட்டி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 600 கிலோவைத் தொடும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக்குறியீடான ஐஎஸ் 875 வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை, சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். அதாவது நான்கு மடங்கு. வீட்டுத் தளத்துக்கு ஓரளவு பாதுகாப்பு விளிம்பு உண்டுதான், ஆனால் அது இதற்காக வைத்தது அல்ல; பழைய வீட்டில், கம்பி துருப்பிடித்த தளத்தில் அந்த விளிம்பை நம்பவே கூடாது.

மீன்தொட்டியும் லேசு இல்லை. 500 லிட்டர் வட்டத் தொட்டி நிற்கும் இடம் முக்கால் சதுர மீட்டர்கூட இருக்காது. அங்கே அரை டன்னுக்கு மேல் உட்காருகிறது. 'மேலே ஏற்கெனவே ஆயிரம் லிட்டர் டேங்க் நிற்கிறதே' என்பார்கள். அந்த டேங்க் பெரும்பாலும் தூண் தலைப்பிலோ, படிக்கட்டு அறைச் சுவர் மேலோ நிற்கிறது. அறையின் நடுத்தளத்தில் நிற்பதில்லை. மீன்தொட்டிக்கும் அதே விதிதான். தூண் இருக்கும் மூலை, அல்லது கீழே சுவரும் பீமும் ஓடும் கோடு. எங்கே பீம் போகிறது என்று தெரியாவிட்டால் கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அந்த ஒரு வருகைக்கான கட்டணம் இந்த முழு அமைப்பில் மிக மலிவான பொருள்.

மாடிக்கு என்ன செய்யலாம்? லெக்கா என்று விற்கும் சுட்ட களிமண் உருண்டை ஜல்லியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விலை அதிகம். அதனால் முழுப் படுகையையும் அதில் நிரப்பாமல், கைப்பிடிச் சுவரை ஒட்டி பீம் மேல் ஒன்றரை அடி அகலத்தில் ஒரே ஒரு லெக்கா படுகை வையுங்கள், அதுவே வடிகட்டி. அதிலிருந்து வடியும் தண்ணீரை 15 செ.மீ. ஆழம் மட்டுமே உள்ள மிதவைத் தொட்டிக்கு விடுங்கள். 15 செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 150 கிலோ. வரம்பில்தான் நிற்கிறது. அதனால் தொட்டிகளை ஒட்டி ஒட்டி அடுக்காமல் நடைபாதை விட்டு வைக்கவேண்டும். கீரைக்கு 30 செ.மீ. ஆழம் கட்டாயமில்லை. ஆழம் கூடினால் தண்ணீரின் வெப்பம் மெதுவாக மாறும் என்பதுதான் அதன் நன்மை.

குழாய் முறை எடையில் மிக லேசு. அதனாலேயே மாடிக்கு ஏற்றது என்று விற்கிறார்கள். எடையை மட்டும் பார்த்தால் சரிதான்.

வெயிலும் கரண்டும்

குழாயில் ஓடுவது மெல்லிய படலம். சித்திரை வெயிலில் வெறும் மாடியில் கிடக்கும் 110 மி.மீ. குழாய் தண்ணீரைச் சூடாக்கி மீன்தொட்டிக்கே திருப்பி அனுப்பும். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்சிஜன் கரையும், 35 டிகிரியில் 7-க்கும் கீழே. தண்ணீர் சூடாக ஆக மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, இருப்போ குறைகிறது. 50 சதவீத நிழல்வலை இல்லாமல் தமிழ்நாட்டு மாடியில் எந்த முறையும் ஓடாது, குழாய் முறை கண்டிப்பாக ஓடாது. கறுப்பு டேங்க்கை மீன்தொட்டியாக்க நினைத்தால் வெளியே வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். உள்ளே வெளிச்சம் போகாதபடி மூடியும் வேண்டும். வெளிச்சம் பட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும்.

மின்வெட்டில் மூன்றும் வேறுவேறாக நடந்துகொள்ளும். குழாயில் மோட்டார் நின்றால் உச்சி வெயிலில் ஓரிரு மணி நேரத்திலேயே செடி தொங்கிப் போகும். ஜல்லி ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அரை நாள் தாங்கும். மிதவையில் செடிக்கு ஒன்றும் ஆகாது, வேர் தண்ணீரிலேயே இருக்கிறது. ஆனால் மூன்றிலும் முதலில் சாவது மீன்தான். மீனுக்குத் தேவை மோட்டார் அல்ல, காற்று. ஆகவே பேட்டரியில் தானாக மாறிக்கொள்ளும் ஏர் பம்ப் ஒன்றை, செடிக்கும் குஞ்சுக்கும் காசு போடுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். 500 லிட்டருக்கு, காற்றைப் பொடிக் குமிழாக்கி விடும் ஏர் ஸ்டோன் இரண்டு போதும். ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் தீவனத்தை நிறுத்தி, காற்றைக் கூட்டி, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

மிதவைத் தொட்டிக்கு இன்னொரு நிபந்தனை: கொசு. பலகை மூடாத இடுக்கு ஒன்று இருந்தால் போதும், டெங்குக் கொசு முட்டையிடும். தொட்டிக்குப் பத்து கப்பி மீன் விட்டால் புழு மிஞ்சாது. மாநகராட்சி ஆள் வந்து எட்டிப் பார்த்தாலும் பயப்படவேண்டாம்.

ஜல்லிப் படுகையை எப்படிக் கட்டுவது

படுகை உயரம் 35 செ.மீ., ஜல்லி 30 செ.மீ. அரை இன்ச் முதல் முக்கால் இன்ச் ஜல்லி. அதைவிடப் பொடி என்றால் அடைத்துக்கொள்ளும், பெரிது என்றால் பாக்டீரியாவுக்குப் பரப்பு குறையும், நாற்றும் நிற்காது. நம் ஊர்க் கருங்கல் ஜல்லி பெரும்பாலும் தண்ணீரோடு வினைபுரியாது; சிக்கல் சுண்ணாம்புக்கல் கலந்ததில். பத்துப் பன்னிரண்டு கற்களை வெள்ளை வினிகரில் போட்டுப் பாருங்கள், நுரை பொங்கினால் அந்த லோடு வேண்டாம். தூசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவவேண்டும். இது அரை நாள் வேலை, ஆனால் கழுவாத ஜல்லியின் தூள் பிற்பாடு மோட்டாரைத்தான் தின்னும்.

தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 செ.மீ. கீழேயே நிற்கவேண்டும். மேலே உலர்ந்த அடுக்கு இருந்தால் பாசியும் வராது, தண்டும் அழுகாது. படுகை நிரம்பும்போது சதுர மீட்டருக்கு சுமார் 100 லிட்டர் மீன்தொட்டியில் இருந்து குறையும். ஒன்றரை சதுர மீட்டர் படுகைக்கு 500 லிட்டர் தொட்டி என்றால் இந்த ஏற்ற இறக்கம் பிரச்சினை இல்லை. அதே படுகையை 200 லிட்டர் நீல டிரம்முக்கு மேல் வைத்தால் மீன் தரைதட்டிப் போகும். பழைய டிரம் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மோட்டார், மணிக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் முழுதும் சுற்றும் அளவு இருந்தால் சரி. பெட்டிமேல் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, உயரமே ஏற்றாமல் எடுத்தது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு 500 லிட்டர் வேண்டும் என்றால் 1,200 முதல் 1,500 லிட்டர் என்று போட்டிருப்பதை வாங்கவேண்டும். 40 வாட் மோட்டார் நாள் முழுதும் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாத பில்லில் 58 யூனிட்.

ஏற்றி வடிக்க இரண்டு வழி. பெல் சைஃபன், அல்லது டைமர். இணையத்தில் பெல் சைஃபனுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். நடுவில் 25 மி.மீ. நிற்கும் குழாய், அதன் மேல் மேற்புறம் மூடிய 63 மி.மீ. குழாய், அதைச் சுற்றி ஜல்லி நுழையாமல் துளையிட்ட 110 மி.மீ. குழாய். தண்ணீர் மட்டம் ஏறியதும் தானாக இழுத்து மொத்தமும் வடித்துவிடும். பார்க்க அழகு. ஆனால் மோட்டாரின் ஓட்டம் கொஞ்சம் மாறினாலும் மக்கர் செய்யும். நிரம்பிய பிறகு இழுக்காமல் சொட்டிக்கொண்டே இருந்தால் வரத்து போதவில்லை, அல்லது மேல்மூடியில் காற்று புகுகிறது. மூடியை ஒட்டி, வெளியேறும் குழாயின் கடைசியில் ஓர் எல்போ போட்டால் பெரும்பாலும் சரியாகும். வடிந்த பிறகும் இழுப்பது நிற்கவில்லை என்றால் வரத்து அதிகம்; வால்வைக் கொஞ்சம் மூடுங்கள், அல்லது மூடியில் ஒரு மெல்லிய காற்றுக் குழாய் இறக்குங்கள்.

டைமரில் இந்த வம்பு இல்லை. 15 நிமிடம் ஓட்டம், 45 நிமிடம் நிறுத்தம். நிற்கும் குழாயின் அடியில் 6 மி.மீ. துளை ஒன்று, மோட்டார் நின்றதும் அதன் வழியே வடிந்துவிடும். கரண்ட் செலவு கால்பங்கு. துளை அடைக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. வெளியூர் போகும் குடும்பத்துக்கு டைமர்தான் நிம்மதி. ஆனால் மோட்டார் ஓடும் நேரம் குறைவதால் ஏர் பம்ப் இல்லாமல் இந்த வழியை எடுக்கக் கூடாது.

எந்த மீன்

தமிழ்நாட்டில் ஜிலேபி மீன் என்று சொல்லும் திலேப்பியாதான் உலகம் முழுதும் இந்த முறைக்கு முதல் தேர்வு. நைல் திலேப்பியாவின் மேம்பட்ட ரகமான கிஃப்ட் 27 முதல் 30 டிகிரியில் நன்றாக வளரும். அழுக்குத் தண்ணீரையும் ஓரளவு பொறுக்கும். ஏரியில் பிடித்த நாட்டு ஜிலேபிக் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது என்று விடாதீர்கள். கையளவு வளருமுன்பே முட்டையிட்டுத் தொட்டி முழுதும் பொடிமீனாக்கிவிடும். ஆண்மீனாகப் பிரித்துக் கொடுக்கும் குஞ்சுகளை, பதிவுபெற்ற பொரிப்பகத்தில் வாங்குங்கள். வளர்த்த திலேப்பியாவை ஆற்றிலோ குளத்திலோ விடவே கூடாது.

விரால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். மின்வெட்டு அதிகமான இடத்துக்கு அதுவே பாதுகாப்பு. தீவனத்தில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் வேண்டும், விலை கூடும். பெரியது சின்னதைத் தின்னும், அதனால் ஒரே அளவுக் குஞ்சுகளாகப் பொறுக்கவேண்டும். வலை கட்டாத தொட்டியில் இருந்து துள்ளி வெளியே போய்விடும். முதல் வருடத்துக்கு விரால் வேண்டாம் என்பதே நம் கருத்து. ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது 'சாகவே சாகாது' என்று சொல்லி நீட்டினால் வாங்காதீர்கள். இந்தியாவில் அதை வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது.

மீன் சாப்பிடாத வீடு என்றால் கோய் கெண்டை. சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் எந்த அளவிலும் கிடைக்கும். தீவனம் தின்று கழிவு போடும் வேலையை அது திலேப்பியாவைப் போலவே செய்கிறது.

தண்ணீர்: போர், குழாய், மழை

போர்த் தண்ணீரில் இருந்துதான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. பல ஊர்களில் அதன் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7.5-க்கு மேல், உப்பும் கார்பனேட்டும் நிறைய. செடி 6-க்கும் 7-க்கும் இடையே கேட்கிறது. பி.எச். ஏறும்போது இரும்புச் சத்து தண்ணீரில் இருந்தாலும் வேருக்கு எட்டாது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதைப் பார்த்துத் தீவனத்தைக் கூட்டுவது பலரும் செய்வது. மஞ்சள் போகாது, அம்மோனியா மட்டும் ஏறும். கடையில் இரும்புச் சத்து கேட்டால் பெரும்பாலும் ஈடிடிஏ என்ற வகையைத் தருவார்கள், அது பி.எச். 6.5-க்கு மேல் வேலைக்கு ஆகாது. கேட்க வேண்டியது ஈடிடிஹெச்ஏ வகை. 6 சதவீதம் இரும்பு உள்ள சரக்கு என்றால் 500 லிட்டருக்கு 17 கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தண்ணீர் சிவப்பாகும், மீனுக்கு ஒன்றும் இல்லை. மஞ்சள் பழைய இலைகளில் வந்து ஓரம் கருகினால் அது பொட்டாசியப் பற்றாக்குறை.

அமிலம் ஊற்றிப் பி.எச். இறக்கலாமா? கார்பனேட் இருக்கும்வரை மறுநாளே பழைய இடத்துக்கு ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு அதிர்ச்சி. மழைத்தண்ணீரைக் கலப்பதே சுலபமான வழி. வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழாய் இருக்கும் மாநிலம் இது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் பல வாரங்களுக்கு நிரப்பிக்கொள்ளலாம். தவிர, பாக்டீரியா வேலை செய்யச் செய்ய பி.எச். தானாகவே மெல்ல இறங்கும். 6-க்குக் கீழே போய்விட்டால் மட்டும் பொட்டாசியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுங்கள்.

மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த டிரம்மில் ஏர் ஸ்டோன் போட்டு ஒன்றிரண்டு நாள் விட்டால் போய்விடும். ஆர்.ஓ. எந்திரம் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரை 'வீணாகாமல்' இதில் ஊற்றும் யோசனை பலருக்கு வரும். வேண்டாம்; வடிகட்டி ஒதுக்கிய உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

மீனோடு தொடங்குவதா, மீன் இல்லாமலா

மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். செடி விரும்புவது கடைசியில் வரும் நைட்ரேட்டை. இந்தப் பாக்டீரியா நம் ஊர் வெப்பத்தில் பெருக மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டவர்களுக்குத்தான் 'புதுத் தொட்டி, பத்தாவது நாளில் மீன் செத்தது' என்ற கதை நேர்கிறது.

போர்த் தண்ணீர் இதை இன்னும் மோசமாக்கும். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8-ல் அது 7 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரே அளவு அம்மோனியா ஒரு வீட்டில் மீனை ஒன்றும் செய்யாமல் இன்னொரு வீட்டில் கொல்வது இதனால்தான்.

மீன் இல்லாமல் தொடங்குவதே நல்லது. 500 லிட்டருக்கு யூரியா 2 கிராம் கரைத்து விடுங்கள். யூரியா வேண்டாம் என்றால் 20 கிராம் மீன் தீவனத்தைத் துணியில் முடிந்து ஊறப்போடலாம், நாற்றம் வரும். ஓடிக்கொண்டிருக்கும் மீன்தொட்டியின் ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து ஊற்றினால் ஒரு வாரமாவது மிச்சமாகும். துளிக் கணக்கில் ஊற்றிப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் நிற்கும். அம்மோனியா 4 மி.கி.யைத் தாண்டினால் மேற்கொண்டு போடாதீர்கள். பாக்டீரியாவையே அது மந்தமாக்கும். போட்ட யூரியா ஓரிரு நாளில் காணாமல் போகும் நிலை வந்தால் மீன் விடலாம்.

ஏற்கெனவே மீனை விட்டாயிற்று என்றால்: தீவனத்தை நாளைக்குச் சில கிராமாகக் குறைத்து, நைட்ரைட் ஏறும்போது லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். பெரும்பாலான கீரைகள் இந்த அளவைத் தாங்கும், பீன்ஸ் தாங்காது. ஏற்கெனவே உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் என்றால் உப்பு வேண்டாம், தண்ணீரை மாற்றுவதே வழி.

எத்தனை மீனுக்கு எவ்வளவு செடி

கீரை வகைக்குச் சதுர மீட்டருக்கு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனம். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 50 முதல் 80. வளர்ந்த மீன் தன் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் தின்னும். 500 லிட்டரில் 25 மீன், தலா 200 கிராம், ஆக 5 கிலோ. நாளைக்கு 75 கிராம் தீவனம். ஒன்றரை சதுர மீட்டர் கீரை. இந்தக் கணக்கு ஒழுங்காகப் பொருந்துவது மீன் வளர்ந்த பிறகுதான். விட்ட அன்று 25 குஞ்சும் சேர்த்தே நூறு, நூற்றைம்பது கிராம் இருக்கும். அவை தின்பதில் பத்து நாற்றுகூடத் தேறாது. அதனால் முதல் மூன்று மாதம் படுகையின் ஒரு மூலையில் மட்டும் புதினா, பொன்னாங்கண்ணி, வள்ளைக்கீரைத் தண்டுகளை ஊன்றுங்கள். மூன்றும் குச்சியில் இருந்தே வேர்விடும், குறைந்த சத்திலும் நிற்கும். செடி வெளுக்கிறது என்று குஞ்சுகளைக் கூடுதலாக இறக்கினால், அவை வளரும்போது தொட்டி தாங்காது.

சிறுகீரை, தண்டுக்கீரை போல விதை தூவி நெருக்கமாக வளர்ப்பவை மிதவையில் சரிப்படாது. ஜல்லியிலும் பாதி விதை இடுக்கில் போய்விடும். அவற்றை மண் தொட்டியிலேயே விட்டுவிடலாம். மீன்தொட்டியின் அடியில் சேரும் சேற்றை வாரம் ஒருமுறை வாளியில் இழுத்து அந்த மண் தொட்டிக்கு ஊற்றினால் வேறு உரம் தேவைப்படாது.

பூச்சி வந்தால் கை தானாக வேப்பெண்ணெய்க்குப் போகும். படுகைமேல் அதைத் தெளித்தால் வடிந்து மீனுக்குத்தான் போகும். சோப்புக் கரைசலும் அப்படியே. அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது போதும், புழுவுக்கு பி.டி. பாக்டீரியா மருந்து மீனைப் பாதிக்காது. செடியைத் தொட்டியோடு தூக்கி வெளியே வைத்துத் தெளிக்க முடியும் என்பதால், பூச்சி அதிகம் வரும் கத்தரியையும் வெண்டையையும் ஜல்லியில் நேரே நடாமல் துளையிட்ட சிறு தொட்டியில் நட்டு ஜல்லிக்குள் புதைப்பவர்கள் உண்டு. மாதம் ஒருமுறையாவது அந்தத் தொட்டியைத் தூக்கித் திருப்பி வைக்கவேண்டும், இல்லையென்றால் வேர் வெளியே ஓடிப் படுகையோடு பின்னிக்கொள்ளும்.